ஒன்பதாம் நம்பர்க்காரியும் கண்ணன்ரை தங்கச்சியும்

இதை எழுதாமலே விட்டிருப்பன். பள்ளிக்கூடம் என்னை விட்டதோ நான் அதை விட்டனோ எண்டு இன்னும் வழக்குக் கிடக்கு. ஆனா நேற்று லண்டன் ஈஸ்ட் ஹாமிலை மீன் வாங்கப் போனா, கடை டீவியிலை பந்தடிக்கிற ஒரு ஜெர்மன்காரி அழுதழுது மைதானத்தைச் சுத்தி வாறாள். கடைசி மாட்சாம். முழங்கால் சரியில்லையாம். சனம் எழும்பி நிண்டு கைதட்டுது. மீன் மணத்தோடை எங்கடை பழைய அறை ஞாபகம் வந்திட்டுது.

மூண்டு பெடியள், ரெண்டு கட்டில், ஷிப்ட் மாறி மாறிப் படுப்பம். கண்ணனுக்கு பெற்றோல் ஷெட்டிலை வேலை. அவனுக்கு எண்டு மிஞ்சினது ஜெர்மனியிலை மாமா வீட்டிலை இருந்த தங்கச்சி வாசுகி ஒருத்திதான். ரெண்டு பேருக்கும் விசாக் கேஸ் முடியேல்லை, எல்லை தாண்டேலாது. லண்டன் மாப்பிள்ளையைக் கட்டினா அவள் இஞ்சை வரலாம். அது ஒண்டுதான் வழி.

லண்டனிலை சட்டன் எண்ட இடத்திலை ஒரு மாப்பிள்ளை கிடைச்சான். அப்ப எல்லாம் ஆரின்ரையோ கலியாண வீடியோக் கசெட்டை அனுப்பினா, அதிலை பன்னீர் தெளிக்கிற பெட்டையைப் பாத்து முடிவெடுப்பினம். மாமா அனுப்பின கசெட்டைக் கடைசி மட்டும் போட்டுப் பாக்காமல் மாப்பிள்ளை வீட்டை தூக்கிக்கொண்டு போனம். இரவல் கோட்டுக் கை எனக்கு முழங்கையோடை நிண்டுது.

படத்திலை வாசுகி சீலையோடை வந்தாள். மாப்பிள்ளையின்ரை தாய் தலையாட்டினா. வடை வந்தது. திடீரெண்டு படம் ஒருக்கா ஆடிப்போட்டு இந்த ஜெர்மன்காரி ஓடி வாறாள், முதுகிலை ஒன்பது. மூண்டு பேரை வெட்டிக்கொண்டு போய்க் கோல். பிறகு வேறை மைதானம், அதே நம்பரோடை எங்கடை வாசுகி. காற்சட்டை, முழங்கால் எல்லாம் சேறு. நான் கோல் எண்டு கத்திப்போட்டன். வாய் அப்பிடி.

தாய் வடைத் தட்டைக் கீழை வைச்சா. "தம்பி, உந்த விளையாட்டை விட்டிடுவாள்தானே?"

கண்ணன் உடனை ஓம் எண்டிருக்கலாம். அவன் ரோட்டு ஃபோன்பெட்டிக்குள்ளை போய்த் தங்கச்சியைக் கேட்டான். நானும் நெருக்கிக்கொண்டு நிண்டன். அவள் தெரிஞ்சுதான் கசெட்டின்ரை கடைசியிலை அதைப் பதிஞ்சு விட்டவளாம். ஒன்பதாம் நம்பர்க்காரி பகல் வேலைக்குப் போய்ப் பின்னேரம் விளையாடினவளாம். முந்திப் பாக்க வந்த சனம் ஒரு பஸ்ஸுக்கும் காணாதாம். இப்ப பெட்டையள் ரோட்டிலை மறிச்சுக் கையெழுத்து வாங்கிறாளவையாம். கடைசியா மெல்லமாச் சொன்னாள்:

"அண்ணை, உங்களைப் பாக்க ஆசைதான். எல்லாத்தையும் விட்டிட்டு வந்தா, நீங்கள் ஆரைப் பாப்பியள்?"

கண்ணன் சட்டனுக்குச் சரிவராது எண்டு சொல்லிப்போட்டான். அதுக்குப் பிறகு லண்டனிலை அந்த ஒன்பதாம் நம்பர்க்காரிக்கு அவனைப் போல ஒரு ரசிகன் இல்லை. ஜெர்மனியிலை எந்த ஊரிலை அவள் விளையாடினாலும் வாசுகி சனத்தோடை போய் நிப்பாள், இவன் இஞ்சை டீவிக்கு முன்னாலை. உன்ரை மனிசி இண்டைக்குக் கோல் போட்டவளோ எண்டு நக்கலடிப்பன். சிரிக்கமாட்டான்.

அந்த அறை இருந்த வீடு இப்ப ஆரோ டொக்டரின்ரை. எங்கடை தெருவிலை இருந்த வீடியோக் கடை நகைக்கடையாப் போச்சு. கசெட்டிலை பொம்பிளை பாக்கிறதும் போச்சு. ரெண்டு பேற்றை கேஸ் மட்டும் அப்பிடியே கிடக்கு. அண்ணையும் தங்கச்சியும் இன்னும் ஒருத்தரை ஒருத்தர் காணேல்லை.

மீன்பையோடை இல்ஃபோர்டிலை கண்ணன் வீட்டை போய், உன்ரை ஆளின்ரை ஆட்டம் முடிஞ்சுது எண்டு அவனுக்குச் சொன்னன்.

"சனத்தைக் கிட்டக் காட்டினவங்களோ, மச்சான்?"