ஊஞ்ஞால் நிக்கட்டு

கோல்ஃப் ஆடுகிறவர் மட்டையைத் தோளுக்கு மேலே கொண்டுபோகும்போது பொன்னையனின் கைகள் பையை விட்டுவிடும். இரண்டும் இடுப்பு உயரத்தில் எதையோ ஏந்துவதுபோல முன்னால் நீளும். மட்டை இறங்கிப் பந்தைத் தொட்டதும், ஒன்றும் நடக்காததுபோல் திரும்பி வந்து பையைப் பிடித்துக்கொள்ளும். "என்னடோ பொன்னையா, பிரசாதம் வாங்குதியோ?" என்று ஆட வரும் டாக்டர் ஈசாக் இருபது வருடமாகக் கேட்கிறார். பொன்னையனும் இருபது வருடமாகச் சிரித்து வைக்கிறார்.

திருவனந்தபுரத்து கோல்ஃப் மைதானத்தில் மட்டைப் பை சுமப்பது அவர் தொழில். வீடு குன்னத்துகாலில். விடிகாலையில் பாறசாலை ஸ்டேஷனுக்கு வந்து பாசஞ்சரைப் பிடிப்பார். நாற்பத்தாறு வயதில் இடது தோள் வலது தோளைவிட இரண்டு விரற்கடை தாழ்ந்துவிட்டது. காலில் ஆட்டக்காரர் யாரோ கழித்துப்போட்ட ஷூ; அடியிலிருந்த ஆணிகளைப் பிடுங்கிவிட்டார். ஜன்னலோரம் உட்கார்ந்தால் உதடு அசையத் தொடங்கும். ஜெபம் என்று நினைத்து ஒரு கன்னியாஸ்திரீ தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்ததுண்டு. ஜெபமில்லை. அன்றைக்கு யாருக்கு எந்த வார்த்தை என்று சொல்லிப் பார்க்கிறார்.

மட்டை வீசுகிறவனின் தலையில் ஒரே ஒரு வார்த்தைதான் இருக்க வேண்டும் என்பது பொன்னையனின் கொள்கை. இரண்டு இருந்தால் பந்து புதருக்குள் போய்விடும். பிடியை இறுக்கி நெரிக்கும் பாங்கு மேனேஜருக்கு அவர் கொடுத்தது 'கோழிக்குஞ்சு'. "கையில குஞ்சாக்கும் சாரே. நசுக்கிறாதிய." அடிக்கும் முன்பே தலையைத் தூக்கிப் பார்க்கும் வக்கீலுக்கு, 'சுமடு'. பாறசாலைச் சந்தைக்கு மரச்சீனிக் கிழங்குச் சுமடு கொண்டுபோகிறவளின் தலை அசையாது, கீழே உடம்பு மட்டும் திரும்பும். பொன்னையனின் அம்மை அப்படித்தான் நடப்பாள். பொன்னையன் ஒரு பந்தைக்கூட அடித்ததில்லை. கேட்டால், "டாக்டரு எல்லா சீக்கும் வந்து பாத்துட்டா மருந்து எழுதுதாரு?" என்பார்.

ஆனால் வார்த்தைகள் தேயும். "ஒரு வார்த்தை ஒரு மழைக்காலம் தாங்கும் சாரே. பின்ன செருப்பு போலத் தேஞ்சுபோவும்." மூன்றாம் மாதம் மேனேஜர் வாயில் கோழிக்குஞ்சு இருந்தது, கையில் இல்லை. "சத்தம் மட்டும் இருக்கு பொன்னையா, குஞ்சு செத்துப்போச்சு" என்றார் அவர். வக்கீலுக்குச் 'சுமடு' தேய்ந்த வாரம், பொன்னையன் ரயிலில் கண்ணை மூடி அம்மையை நினைத்துப் பார்த்தார். முகம் வந்தது, சேலை வந்தது. நடை வரவில்லை. அதன் பிறகு ஒருநாளும் வரவில்லை.

பெருங்கடவிளையில் சொக்கநாதன் பிள்ளை இருக்கிறார். பெரிய சர்க்கார் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். சனிக்கிழமை மைதானத்துக்குப் போவார். மற்ற நாட்களில் சாயங்காலம், ரப்பர் மரங்களை வெட்டி வெறுமையாகக் கிடக்கும் தன் விளையில், பலாவுக்கும் தென்னைக்கும் நடுவே பூவாற்றுக் கடற்கரையில் வாங்கிய மீன்வலையைக் கட்டி அதற்குள் பந்தடிப்பார். பொன்னையன் திரும்பும் வழியில் நெய்யாற்றின்கரையில் இறங்கி, பஸ் பிடித்து வந்து பக்கத்தில் நிற்பார். மட்டை மண்ணைக் கொத்தித் தள்ளும்போது வேலிக்கு வெளியே போகிறவர்கள் சும்மா விடமாட்டார்கள்: "சாரே, ரப்பருக்குக் குழி எடுக்கியளோ?"

பிள்ளையின் கோளாறு அவசரம். மட்டை உச்சிக்குப் போய்ச் சேரும் முன்பே கீழே இழுத்துவிடுவார். மனைவி இறந்த பிறகு அது இன்னும் கூடிவிட்டது. பொன்னையன் ஐந்து வார்த்தைகள் கொடுத்துப் பார்த்தார். ஐந்தும் தேய்ந்தன.

ஆறாவதாக ஒன்று இருந்தது. உச்சியில் நிற்காத கைக்கு அதைவிட நல்ல மருந்து கிடையாது. அதை அவர் இதுவரை யாருக்கும் கொடுத்ததில்லை.

அறுபத்தொன்றாம் வருடத்து ஓணம். பாறை வெட்டிய குளத்தின் கரையில் நின்ற மாமரத்தில் ஊஞ்சல். ஏழு வயதுத் தங்கை கமலாட்சி பலகையில். பதினொரு வயதுப் பொன்னையன் பின்னால் நின்று ஆட்டிவிட்டார். "இன்னும் பொக்கத்தில அண்ணா, இன்னும் மேல" என்றாள். ஊஞ்சல் போயிற்று. மேலே ஒரு கணம் நின்றது. திரும்பி வந்தது. பிடிப்பதற்கு நீட்டிய கைகளில் பலகை மட்டும் வந்து இடித்தது. அலறல் கேட்கவில்லை. தண்ணீர்ச் சத்தமும் கேட்கவில்லை. மனைவி ஷியாமளாவிடம் மட்டும் ஒருமுறை சொல்லியிருக்கிறார்: "பலகையில சூடு உண்டு. ஆளு இல்ல."

இரண்டாம் நாள் அவளைக் குளத்திலிருந்து எடுத்தார்கள். பொன்னையன் போய்ப் பார்க்கவில்லை. அவருக்கு அவள் இன்னும் கீழே வரவில்லை. யார் மட்டையைத் தூக்கினாலும், அது மேலே நிற்கும் அந்த ஒரு கணத்தில், மட்டையின் நுனிக்குப் பக்கத்தில் அவளுடைய பச்சைப் பாவாடையின் ஓரம் தெரியும். கைகள் தாமாக நீளும்.

போன வருடம் ஓணத்துக்குப் பத்து நாள் இருக்கையில், பிள்ளை மட்டையை வீசினார். பந்து இருந்த இடத்திலேயே இருந்தது. அவர் மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

"எடா, அவ போனப்பறம் நான் காலம்பற எந்திக்கது இதுக்காக்கும். இதும் போச்சுன்னா எதுக்குடா எந்திக்கணும்?" மட்டையை மடியில் கிடத்தினார். "ஒன்கிட்ட இன்னும் ஒரு வார்த்தை உண்டு. நீ வாயத் தொறந்துட்டு மூடுததை நான் பாத்திருக்கேன்."

"நாளைக்குச் சொல்லுதேன் சாரே."

வீட்டில் ஷியாமளா மரச்சீனி நறுக்கிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "சொல்லிக் குடுங்க. தேயட்டும். தேஞ்சா நீங்க ஒறங்கலாமே. ஓணம் வந்தா ஒரு மாசம் கண்ணு மூட மாட்டிய."

"தேஞ்சா அவ எங்க போவா?"

ஷியாமளா நறுக்கிய துண்டுகளையே திரும்ப நறுக்கினாள்.

மறுநாள் சாயங்காலம் பொன்னையன் பிள்ளையின் காதருகே குனிந்து அதைச் சொன்னார். "ஊஞ்ஞால் மேல நிக்கட்டு சாரே. நீங்க இழுக்கண்டாம். அது தானா வரும்." தங்கை இருந்தாள் என்பதையோ குளத்தையோ சொல்லவில்லை. அதன் பிறகும் சொல்லவில்லை.

பிள்ளை மட்டையைத் தூக்கினார். மட்டை மேலே நின்றது. பலாமரத்துக் காக்கைகள் சட்டென்று அடங்கின. பிறகு மட்டை இறங்கியது. பந்து போய் மோதிய வேகத்தில் வலை பின்னால் புடைத்து, பந்து கீழே விழுந்த பிறகும் கொஞ்ச நேரம் புடைத்தபடியே நின்றது. காற்று இல்லை.

"கொள்ளாம்டா!" என்றார் பிள்ளை. உடனே முகம் மாறியது. மட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மேல நிக்கப்ப கை கனக்குது. ஆளு இருக்கது போலக் கனம். எறங்கி வாறப்ப ஒண்ணும் இல்ல. அது என்னடா?"

பொன்னையன் பந்தைப் பொறுக்கப் போய்விட்டார்.

அந்த ஓணத்துக்குப் பொன்னையன் உறங்கினார். சனிக்கிழமைகளில் பிள்ளையின் பந்து நூல் பிடித்ததுபோலப் போயிற்று. ஈசாக் பொறாமையில், "எனக்கும் அந்த மருந்த எழுதித் தாடோ" என்று நச்சரித்தார். ஒவ்வொரு வாரமும் மட்டையின் நுனியில் பச்சை கொஞ்சம் வெளுத்தது. பொன்னையன் அதைக் கவனித்துக்கொண்டே இருந்தார். ஐப்பசி மழை தொடங்கியபோது அங்கே வெறும் வானம்தான் இருந்தது. அவருடைய கைகள் பையிலேயே கிடந்தன. ரயிலில் கண்ணை மூடி "கமலாட்சி" என்று சொல்லிப் பார்த்தார். பெயர் வந்தது. முகம் வரவில்லை.

அதே வாரம் மைதானத்தில் பிள்ளையின் பந்தும் புதருக்குள் போயிற்று. "தேஞ்சுபோச்சுடா" என்றார் பிள்ளை. ஆனால் முன்புபோலக் கோபப்படவில்லை. எங்கோ கவனம் வைத்தவர்போல மட்டையைத் துடைத்துப் பொன்னையனிடம் நீட்டினார்.

அடுத்து அடிக்கும் முறை ஈசாக்குக்கு. அவர் காலை ஊன்றி நின்று மட்டையை மெல்லத் தூக்கினார். மட்டை உச்சிக்குப் போயிற்று.

பொன்னையனுக்குப் பக்கத்தில் ஏதோ அசைந்தது. சொக்கநாதன் பிள்ளையின் இரண்டு கைகளும் இடுப்பு உயரத்தில் முன்னால் நீண்டிருந்தன, ஏந்தியபடி. அவர் கண்கள் மட்டையின் நுனியில் இருந்தன.

ஈசாக் அடித்து முடித்துத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "என்ன சொக்கநாதா, நீயும் பிரசாதம் வாங்குதியோ?"

பிள்ளை சிரிக்கவில்லை. கைகளை மடக்கவும் இல்லை.

பொன்னையன் தோளிலிருந்த பையை இறக்கிப் புல்லில் சாய்த்து வைத்தார். ஒரு அடி முன்னால் வந்து, நீண்டிருந்த அந்தக் கைகளுக்கு அடியில் தன் இரண்டு கைகளையும் கொண்டுபோய் ஏந்தினாற்போல வைத்துக்கொண்டு, மேலே பார்த்தபடி நின்றார்.