அவர் சொல்லும் பாதி

பெருந்தொற்றுக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் பயிற்சி மருத்துவராக இருந்தேன். ஒக்சிசன் முகமூடியோடு பேச முடியாமல் கிடந்த குருநகர் மீனவர் ஒருவரின் காதில் கைபேசியைப் பிடித்திருந்தேன். வீட்டில் தனிமைப்படுத்தப்பட்டிருந்த அவருடைய மனைவி செபமாலை சொன்னார். பாதியில் குரல் நின்றது. பார்க்க இன்னும் எத்தனையோ நோயாளிகள். சட்டென்று கைபேசியை எடுத்துவிட்டேன்.

“அம்மா, முடிஞ்சுதோ? வைக்கட்டோ?”

“வைக்காதேங்கோ பிள்ளை. ஒவ்வொரு செபத்திலையும் முதற்பாதி நான், மற்றப்பாதி அவர். எந்தநாளும் அப்பிடித்தான். மனதுக்குள்ளை சொல்லட்டுமெண்டு விட்டனான்.”

வெட்கத்தோடு மீண்டும் காதில் வைத்தேன். மனைவி சொல்லி நிறுத்தினார். அந்த மௌனத்தில் மீனவரின் பெருவிரல் போர்வைமேல் மெல்ல அசைந்து, இல்லாத மணியொன்றைத் தள்ளியது.

அவர் பிழைக்கவில்லை. இப்போதும் நோயாளி பேசாமலிருந்தால் அடுத்த கேள்விக்கு என் வாய் அவசரப்படும். அந்தப் பெருவிரல் நினைவுக்கு வரும், பொறுத்திருப்பேன்.