தேமல் விழுந்த தட்டுகள்

அந்தத் தெருவில் அவளை ஊதா அக்கா என்றுதான் சொல்வார்கள். வீட்டின் முன்னறைச் சன்னல் பகலெல்லாம் ஊதா வெளிச்சமாகக் கிடப்பதால் வந்த பெயர். உள்ளே அப்படி என்னதான் வளர்கிறது என்று மண்டையைக் குடைந்துகொண்டிருந்த எதிர்வீட்டுக்காரர், ஒருநாள் சர்க்கரை கேட்கிற சாக்கில் நுழைந்தே விட்டார். செடி வளர்க்கிற ஊதா விளக்குகளின் கீழ் அடுக்கடுக்காகத் தக்காளி நாற்று நிற்பதைக் கண்டதும் அவர் முகம் தொங்கிப்போயிற்று.

“இவ்வளவுதானா?”

“வேற என்னண்ணே எதிர்பார்த்தீங்க?”

சர்க்கரையை வாங்காமலே போய்விட்டார்.

முன்பு அவள் ஒரு பெரிய சலவைக்கூடத்தில் துணிகளில் கறை பார்க்கிறவளாக இருந்தாள். கூடத்தை மூடியபின் சும்மா இருக்கப் பிடிக்காமல் ஒரு பொட்டலம் விதையை வாங்கி வந்து ஊன்றினாள். முதல் தடவை முளைத்ததெல்லாம் நூல் மாதிரி நீண்டு, பார்த்துக்கொண்டிருக்கும்போதே படுத்துவிட்டது. பிறகு ஒவ்வொன்றாகப் பிடிபட்டது. விதை கிடக்கும்வரை அடியில் சூடு வேண்டும். தலை நீட்டிய மறுநிமிடமே மூடியைக் கழற்றி விளக்கைக் கிட்டே இறக்க வேண்டும். தண்ணீரைத் தலையில் கொட்டாமல் அடித்தட்டில் விட்டால் வேர் தானே இழுத்துக்கொள்ளும். சின்னக் காற்றாடி ஒன்று ஓடிக்கொண்டே இருந்தால்தான் தண்டுக்கு முதுகெலும்பு வரும்.

அவள் நாற்றைப் பார்த்துவிட்டுத்தான் கண்ணாடிவீட்டுக்காரர் தேடி வந்தார். ஊருக்கு வெளியே கண்ணாடிக்கூரை போட்டுத் தக்காளி மட்டுமே வளர்க்கிறவர். வந்ததும் முதல் கேள்வியே வேறு மாதிரி இருந்தது.

“வீட்ல யாராவது சிகரெட் பிடிப்பாங்களாம்மா?”

தக்காளியைத் தாக்குகிற நோய் ஒன்று புகையிலையிலேயே ஒளிந்திருக்குமாம். பிடித்த கையோடு நாற்றைத் தொட்டால் இலையில் தேமல் விழும். அதைத் தொட்ட கை அடுத்ததைத் தொட்டால் அதற்கும். மருந்து கிடையாது, பிடுங்கிப் போடுவதுதான். ஒரு வருடம் அவருக்குக் கூரைக்குக் கீழிருந்த அத்தனை செடியும் போயிற்று.

“எங்க வீட்ல அந்தப் பேச்சே இல்லீங்க. டாக்டரே நிறுத்திட்டாரு” என்றாள் அவள், பெருமையாகத்தான்.

அவள் வீட்டுக்காரர் பேருந்து ஓட்டியவர். நெஞ்சைப் பிளந்து தைத்து அனுப்பியபின் வண்டியும் போயிற்று, சிகரெட்டும் போயிற்று. அவளுக்குக் குனிந்தால் இடுப்பு பிடிக்கும் என்பதால், கீழடுக்குத் தட்டுகளில் நாற்றுப் பிரித்து நடுவது அவர் வேலையாயிற்று. முக்காலி போட்டு உட்கார்ந்து, இலையைப் பிடித்துத் தூக்கி, ஐஸ் குச்சியால் குழி பறித்து அழகாக வைப்பார். ஒவ்வொரு தட்டுக்கும் முன்னால் பால்பவுடர் கரைத்த தண்ணீரில் கையை நனைக்கச் சொல்லியிருந்தாள். நோய் ஒட்டாமலிருக்கக் கண்ணாடிவீட்டுக்காரர் சொன்ன வழி.

“பால்ல கை கழுவ நான் என்ன ராஜாவா?” என்று சிரிப்பார்.

அன்று காலை கீழடுக்கில் ஒரு தட்டின் இலைகள் கொஞ்சம் ஒடுங்கினாற்போல் அவளுக்குப் பட்டது. நண்பகலில் நாற்றை ஏற்றிப்போகக் கண்ணாடிவீட்டுக்காரர் வண்டியோடு வருவதாக ஏற்பாடு. ஊதா வெளிச்சத்தில் எல்லாம் ஒரே நிறம்தான். கறையைச் சன்னலோரம் பார்த்துப் பழகியவள், விளக்கை அணைத்துவிட்டுத் திரையை விலக்கினாள். பகல் வெளிச்சம் இலைமேல் விழுந்ததும் தெரிந்தது. அடர்பச்சையும் வெளிர்பச்சையுமாகத் திட்டுத்திட்டாக, தோலில் படர்கிற மாதிரி தேமல்.

பக்கத்துத் தட்டிலும் இருந்தது. அதற்கடுத்ததிலும். இரண்டு நடுவடுக்குகளும் மேலடுக்கும் துடைத்துவைத்தது போல இருந்தன. கெட்டவை அத்தனையும் அவர் நட்டவை.

அடுக்களையில் அவர் பாத்திரம் கழுவிக்கொண்டே ஏதோ முணுமுணுத்துப் பாடுவது கேட்டது. போய்ச் சட்டையைப் பிடித்து உலுக்கலாம் போல இருந்தது அவளுக்கு. ஆனால் அவரை அவளுக்குத் தெரியும். கத்தினால் தலையில் அடித்துச் சத்தியம் செய்வார். சிகரெட்டைத் தொடவே இல்லை என்பார். நோய் வெளியே தெரிய நாளாகும். இன்றைக்குப் பளிச்சென்று நிற்கிற தட்டை அவர் நேற்றுத் தொட்டிருக்கலாம். அவர் வாயைத் திறந்து சொன்னால்தான் உண்டு. சொல்லாவிட்டால் நல்லதென்று நம்பி அவளே நோயை வண்டியில் ஏற்றிவிடுவாள்.

“என்னங்க, கொஞ்சம் வாங்க. எதையும் தொடாதீங்க.”

வந்தவர் சன்னலோரத் தட்டைப் பார்த்தார். பார்த்த பார்வையிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. அவள் முகத்தை அலமாரிப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

“எந்தெந்தத் தட்டு?”

“என்ன எந்தத் தட்டு? விதையே சரியில்லையோ என்னவோ.”

“எல்லாம் ஒரே பொட்டலம். ஏன் எதுக்குன்னு நான் கேக்கலங்க. எந்தத் தட்டுன்னு மட்டும் சொல்லுங்க.”

அவர் ஈரக்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

“கீழ இருக்கறதுதான்” என்றார் கடைசியில்.

“வேற?”

“வேற இல்ல.”

அவள் நடுவடுக்கிலிருந்து ஒரு தட்டை எடுத்து, வண்டியில் ஏற்ற வாசலோரம் வைத்தாள். திரும்பி வந்து இன்னொன்று. அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். மூன்றாவதில் கை வைத்தபோது ஓரடி முன்னால் வந்தார்.

“அத வை.”

“இது நான் நட்டது.”

“நீ கடைக்குப் போனப்ப திருப்பி வச்சேன். ஒரு பக்கமா சாஞ்சுது. மொட்டை மாடிலேர்ந்து நேரா வந்தேன்.”

மொட்டை மாடியில்தான் சிகரெட். துணி எடுத்துவருகிறேன் என்று அவர் ஓடி ஓடிப் போனதை, திருந்திவிட்டார் என்று தங்கையிடம் அவளே சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

“சரி. இது?”

“அதுவும். பழுத்த இலையக் கிள்ளினேன்.”

“இது?”

“அதுவுந்தான்.”

“வாசல்ல வச்ச ரெண்டு?”

அவர் ஆமென்று தலையசைத்தார். அவள் போய் அவற்றையும் எடுத்துவந்து கீழே வைத்தாள். தட்டுக்கு ஒரு சிகரெட் என்றாலும் எத்தனை ஆகிறது என்று மனம் தானாகக் கூட்டப் போனது, நிறுத்தினாள். குரல் உடைந்தால் அவர் வாய் மூடிக்கொள்ளும். சலவைக்கூடத்தில் உருப்படி சரிபார்க்கிற குரலிலேயே கேட்டுக்கொண்டு போனாள். நடுவடுக்கு இரண்டும் காலி. அவளுடைய உழைப்பெல்லாம் காலடியில் பச்சைப்பசேலென்று கிடந்தது.

“மேலடுக்கு?”

“அத தொடல.”

“நெசமாவா? எனக்காகச் சொல்லாதீங்க.”

“நெசமாத்தான்டி. அவ்ளோ உசரத்துக்குக் கைய தூக்கினா நெஞ்சு இழுக்குது.”

அவள் அப்போதுதான் திரும்பிப் பார்த்தாள்.

“எப்பலேர்ந்து?”

அவர் தரையைப் பார்த்தார். “கொஞ்ச நாளாத்தான். தாடைவரைக்கும் ஏறுது. உக்காந்தா போயிடும்.”

“தாடைவரைக்குமா!”

“உங்கிட்ட சொன்னா சிகரெட் பிடிச்சீங்களான்னுதான் முதல்ல கேப்ப.”

உண்மைதான். அதைத்தான் கேட்டிருப்பாள். அடுக்களையில் கைகளைச் சோப்புப் போட்டுத் தேய்த்துவிட்டு, மருத்துவமனைச் சீட்டுகள் இருந்த பையை எடுத்தாள்.

வாசலில் வண்டி வந்து நின்றது. கதவைத் திறந்தவளின் தோளுக்குமேல் எட்டிப் பார்த்த கண்ணாடிவீட்டுக்காரர், “தயாராம்மா?” என்றார்.

“தேமல் வந்திருக்குங்க. எங்க வீட்டுக் கைதான். மேலடுக்கு மட்டும் யார் கையும் படாம நான் பார்த்தது. வேணும்னா எடுத்துக்கங்க, வேணாம்னா விட்டுட்டுப் போங்க. உங்க இஷ்டம்.”

அவள் வீட்டுக்காரர் பின்னாலிருந்து தயங்கினார்.

“அவர அனுப்பிட்டு அப்புறம் போலாமே. எத்தன நாள் பார்த்துப் பார்த்து வளத்த...”

“பேசாதீங்க. மூச்ச மிச்சம் வச்சுக்கங்க” என்றாள் அவள், குனிந்து அவர் காலடியில் செருப்பைத் திருப்பி வைத்தபடி. இடுப்பு சுரீரென்றது. “ஐயா, உங்க வண்டியிலேயே எங்கள ஆஸ்பத்திரி வாசல்ல எறக்கி விட்டுருங்க. நாத்து அப்புறம்.”

கண்ணாடிவீட்டுக்காரர் அவர் முகத்தை ஒருமுறை உற்றுப் பார்த்தார். பிறகு ஓடிப்போய் வண்டியின் முன்கதவைத் திறந்தார்.