மதிய பஸ்ஸைக் காப்பாற்றியவர்

“பொம்பளைங்களுக்கு இலவச பஸ் விட்டதே நான்தானுங்க” என்று சொல்லிக்கொண்டே மருதாம்பாள் ஜன்னலோர இருக்கையில் முதலில் கைப்பையை உட்கார வைக்கிறார். பிறகுதான் தான் உட்காருகிறார். பக்கத்தில் இருப்பவர் வாயைப் பிளந்தால் உடனே பெருமையிலிருந்து ஒரு படி இறங்கி வருவார். “சரி, முழுசும் நானில்லைங்க. ஒரு மனு போட்டேன். போட்டேனா, போடணும்னு நெனச்சேனா, அதுதான் ஞாபகமில்ல.”

குன்னூரிலிருந்து எஸ்டேட்டுக்கு ஏறும் மதிய பஸ்ஸில் தினமும் அவரைப் பார்க்கலாம். காய் வாங்கப் போனதாகப் பெயர். தேடிப் போனது காது கொடுக்கும் ஆளை. அருவங்காடு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். ‘வருவாய்ப் பற்றாக்குறை’யை ஊறுகாய் மாதிரி எல்லாவற்றுக்கும் தொட்டுக்கொள்வார். வீட்டுவரி ஏறினாலும் அதுதான் காரணம், கேரட் விலை ஏறினாலும் அதுதான்.

ஓசிப் பயணம் என்று யாராவது கேலி செய்தால் மட்டும் ரோஷம் வந்துவிடும். “ஓசியா? எங்க ஊட்டுக்காரர் சாயங்காலமானா கடைக்குப் போயி அரசாங்கத்துக்குக் கட்டுன வரி கொஞ்சமா? என் டிக்கெட்டையெல்லாம் மொத்தமா வாங்கி வெச்சுட்டுத்தான் போய்ச் சேந்தாரு!”

“பேச்சுக்கும் வரி போட்டா என்னம்மா பண்ணுவீங்க?” என்பார் கண்டக்டர் கருணாகரன்.

“என் ஊடு ஏலத்துக்குப் போயிரும் கண்ணு.”

ஜன்னலோரத்தை மட்டும் யாருக்கும் விடமாட்டார். கைக்குழந்தையோடு வந்தாலும் சரி, கட்டுப்போட்ட காலோடு வந்தாலும் சரி. “வளைவுல எனக்குத் தலை சுத்துமுங்க.” அவருக்குத் தலை சுற்றி யாரும் பார்த்ததில்லை.

போன மழைக்காலத்தில் கருணாகரன் ஒரு செய்தி சொன்னார். செலவைக் குறைக்க, ஆள் ஏறாத பஸ்களை நிறுத்தப்போகிறார்களாம். மதிய வண்டியைப் பார்க்கச் செவ்வாய்க்கிழமை அதிகாரி வருகிறாராம். அந்த வண்டி நின்றால் காத்தாயி பாடு திண்டாட்டம். சின்ன வயதில் இலங்கையிலிருந்து வந்து, கொழுந்து பறித்தே முழங்கால் தேய்ந்தவர். அரசு ஆஸ்பத்திரியில் காலுக்குப் பயிற்சி முடித்துவிட்டு எஸ்டேட்டுக்குத் திரும்ப அவருக்கு அந்த நேரத்தில் வேறு பஸ் கிடையாது. ஆட்டோவில் ஏறினால் மகளின் ஒரு நாள் கூலி போய்விடும்.

“நான் இருக்கறப்ப எவன் நிறுத்துவான்?” என்றார் மருதாம்பாள். மகளிர் குழுவைத் திரட்டினார். அன்றைக்கு மதிய பஸ்ஸில் மலையேறி வந்தால் தன் வீட்டில் சூடாக டீயும் மொறுமொறு வர்க்கியும் என்று அறிவித்தார். செவ்வாய்க்கிழமை, பஸ் நிலையத்திலேயே படிக்கட்டு வரை பெண்கள். கருணாகரனுக்கு ஒற்றைக்கால் ஊன்றத்தான் இடம். “இப்பப் பாக்கட்டும் அந்த ஆபீசர்!” என்று ஜன்னலோரம் முழங்கியது.

அந்த ஆபீசர் பஸ்ஸில் இல்லை. ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் குடை பிடித்து நின்றிருந்தார். பக்கத்தில் மழையில் காத்தாயியும் இன்னும் சிலரும். ஏற்ற இடமில்லாததால் டிரைவர் நிறுத்தாமல் போனார். காத்தாயி நீட்டிய கை, மருதாம்பாளின் ஜன்னலைத் தாண்டிப் பின்னால் போயிற்று. அன்றைக்கு வர்க்கி அவருக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

ஆனாலும் வண்டி தொடரும் என்று உத்தரவு வந்துவிட்டது. உத்தரவு வந்ததும் தொண்டையும் சரியாகிவிட்டது. மறுநாள் ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் காத்தாயி கோலை ஊன்றி ஏறும்போது, மருதாம்பாள் பஸ் முழுக்கக் கேட்கும்படி சொல்லிக்கொண்டிருந்தார்: “இந்த பஸ்ஸைக் காப்பாத்துனதே நான்தானுங்க!”

“நீங்க இல்ல, கிளார்க்கம்மா.” காத்தாயி கம்பியைப் பிடித்து மூச்சு வாங்கினார். “வண்டி நிக்காம போன பொறகு, ‘இனி எப்படிப் போவீங்க’ன்னு அந்த ஐயா கேட்டாரு. ‘எஸ்டேட் லயத்து வீட்டுக்கு நடைதாங்க’ன்னோம். மழையில நாங்க நொண்டி நொண்டி நடந்ததை, வளைவு திரும்புற மட்டும் பாத்துக்கிட்டே நின்னாரு. காப்பாத்துனது நாங்க. நீங்க உள்ளுக்கு ஒக்காந்து போனீங்க.”

மருதாம்பாள் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். ஜன்னலோர இருக்கையை முந்தானையால் துடைத்துவிட்டு, கம்பியைப் பிடித்து நின்றுகொண்டார்.