கரையிலிருந்து பார்க்க ஒரு ஸ்கோப்

மகள் களிமண்ணில் புதைந்த நாளிலிருந்து எனக்குத் தூரங்களைப் பற்றிய யோசனைதான். கரைக்கும் தண்ணீருக்கும் எவ்வளவு தூரம், அந்தத் தூரத்திலிருந்து ஒரு சின்னப் பறவையின் கண் தெரியுமா, தெரியாவிட்டால் அவள் எவ்வளவு உள்ளே போவாள் என்று சமைக்கும்போதுகூடக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

விருத்தாசலத்துக்கு வெளியே, பீங்கான் தொழிலுக்காக மண் வெட்டியெடுத்துவிட்டு அப்படியே விட்டுப்போன பள்ளம் ஒன்று இருக்கிறது. மழைக்குப் பிறகு அதில் தண்ணீர் நிற்கும். தை பிறந்து வற்றத் தொடங்கினால் ஓரத்தில் சின்னப் பறவைகள் வந்து புழு பூச்சி பொறுக்கும். விலங்கியலில் முதுகலை படிக்கிற மகள், குளிர்காலத்தில் வந்துபோகும் இந்தப் பறவைகளைப் பற்றித்தான் கல்லூரிக்கு ஆய்வு செய்கிறாள். அன்று நான்தான் ஸ்கூட்டியில் அழைத்துப் போனேன். அங்கே உப்புக்கொத்தி என்கிற சின்னப் பறவை ஒன்று நின்றது. அதன் கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம் இருந்தால் ஒரு வகை, இல்லாவிட்டால் வேறு வகை. அவளுடைய பைனாகுலரில் அது தெரியவில்லை. கிட்டே போய்ப் பார்க்கலாம் என்று இறங்கினாள்.

வேறு ஊர்ப் பெண்ணாக இருந்தால் சேற்றைக் கண்டதும் தயங்கியிருப்பாள். இவள் பீங்கான் கம்பெனிகளுக்கு நடுவே வளர்ந்தவள். அங்கே கரைத்த களிமண்ணைத் தொட்டிகளில் ஊற்றிக் காயவைப்பார்கள். மேலே வெளுத்து, ஓடு ஓடாக வெடித்துவிட்டால் மண் இறுகிவிட்டது என்று அர்த்தம். ஆள் ஏறி நின்று வெட்டியெடுக்கலாம். சின்ன வயதில் அந்த வெடிப்புகளின் மேல் குதித்து விளையாடியவள். பள்ளத்தின் ஓரமும் அப்படியே வெளுத்து வெடித்திருந்தது. எங்கள் ஊரில் யார் பார்த்தாலும் காய்ந்த மண் என்றுதான் சொல்வார்கள். ஆனால் தொட்டிக்கு அடியில் செங்கல் தளம் உண்டு. பள்ளத்துக்கு அடியில் ஒன்றும் இல்லை.

சில அடிகள் நன்றாகத்தான் நடந்தாள். பிறகு முழங்கால் வரை போனாள். காலை உருவப் பார்த்ததில் இடுப்பு வரை போய்விட்டாள். நான் ஸ்கூட்டியைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தேன். ஸ்டாண்டு போட்டுவிட்டு ஓட வேண்டும் என்பதுகூடத் தோன்றவில்லை. "அம்மா" என்று அவள் கூப்பிட்டது சாதாரணமாக, சமையலறையிலிருந்து கூப்பிடுவது போல இருந்தது. அதுதான் இன்னும் காதில் கிடக்கிறது.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர் ஓடி வந்தார். "ஏ பாப்பா, துள்ளாத! அப்படியே முன்னால சாஞ்சி படு!" என்று கத்திக்கொண்டே, தழை பறிக்கிற தொரட்டியை நீட்டினார். அதைப் பற்றிக்கொண்டு ஊர்ந்து வெளியே வந்தாள். இரண்டு செருப்பும் உள்ளேயே போய்விட்டன.

"ஆடே எறங்காதுங்க அங்க. படிச்ச புள்ள எறங்கியிருக்குது" என்று அவர் சிரித்தார். மகளும் உடம்பெல்லாம் வெள்ளைச் சேறாக நின்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

இனிமேல் பள்ளமும் வேண்டாம், ஏரியும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவள் சண்டை போடவில்லை. பைனாகுலரை அலமாரியில் வைத்துவிட்டு வீட்டிலேயே இருந்தாள். வெயில் காலம் வந்தால் பறவைகள் வடக்கே போய்விடும். அதற்குள் பார்த்து முடிக்காவிட்டால் இந்தக் குளிர்காலத்து வேலை முழுவதும் வீண், ஆய்வுத் தலைப்பையே மாற்ற வேண்டும். இதை அவள் என்னிடம் சொல்லவில்லை. அவள் அப்பாவிடம் சொல்லி, அவர் என்னிடம் சொன்னார்.

"எத்தினி நாளைக்குத்தான் வூட்டுலயே வெச்சிருப்ப?" என்றார்.

"இருந்தா என்ன? வூட்டுலதானே இருக்குறா."

மறுநாள் மகள் தன் போனை என் முன்னால் வைத்தாள். "கரையில நின்னுக்கிட்டே பார்க்குறதுக்கு ஒண்ணு இருக்குதும்மா. ஸ்பாட்டிங் ஸ்கோப்பு."

ஒற்றைக் கண்ணால் பார்க்கிற சிறிய தொலைநோக்கி அது. முக்காலியில் நிறுத்திப் பார்க்க வேண்டும். பைனாகுலர் எட்டு மடங்கு பெரிதாகக் காட்டினால் இது இருபதில் தொடங்கி அறுபது மடங்கு வரை காட்டுமாம். அறுபது என்று படித்ததும் எனக்கு மூச்சு கொஞ்சம் சீரானது. கரையை விட்டு ஓர் அடி இறங்கக் கூடாது என்ற நிபந்தனையோடு சம்மதித்தேன்.

அதற்குப் பிறகு அவளைவிட நான்தான் அதிகம் தேடினேன். மலிவானவற்றில் படம் தெளிவில்லை என்று வாங்கியவர்களே திட்டியிருந்தார்கள். உசத்தியானவை எங்கள் கைக்கு எட்டாதவை. நடுவில் இருந்தவற்றில் இரண்டு தேறின. ஒன்றின் முன்கண்ணாடி பெரியது, எண்பது மில்லிமீட்டர்; கனமானது. இன்னொன்று அறுபத்தைந்து, கையில் தூக்கிக்கொண்டு நடக்கலாம். அவளுக்குச் சின்னது பிடித்திருந்தது. எனக்குக் கனமானதுதான் வேண்டும். தூக்க முடியாததாக இருந்தால் நிறுத்திய இடத்தை விட்டு அவள் நகர மாட்டாள் என்பது என் கணக்கு. அதை அவளிடம் சொல்லவில்லை. பெரிய கண்ணாடி வெளிச்சம் தரும் என்று மட்டும் சொன்னேன்.

எங்கள் ஊரில் இதெல்லாம் கிடைக்காது. பஸ் பிடித்துப் பாண்டிச்சேரி போனோம். கடைக்காரர் ஒன்றன்பின் ஒன்றாக வாசலில் முக்காலி போட்டு மாட்டிக் கொடுத்தார்.

"அந்த மாடியில புறா நிக்குது பாருங்க மேடம்."

"புறா வேணாங்க. அந்த மின்கம்பத்தைக் காட்டுங்க."

"கரண்ட் ஆபீஸுங்களா நீங்க?"

மகள் முந்திக்கொண்டாள். "இன்சுலேட்டர் கம்பெனிங்க. எங்கம்மா கோயிலுக்குப் போனாக்கூட கோபுரத்தைப் பார்க்க மாட்டாங்க, பக்கத்துல இருக்குற கம்பத்தைத்தான் பார்ப்பாங்க."

உண்மைதான். மின்கம்பத்தில் மாட்டுகிற பீங்கானில் கீறலோ மேற்பூச்சில் குறையோ இருக்கிறதா என்று பார்த்து அனுப்புவது என் வேலை. வேறு எதைப் பார்த்தும் ஒரு கண்ணாடி நல்லதா கெட்டதா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. விலை குறைந்ததில் வெள்ளைப் பீங்கானின் விளிம்பைச் சுற்றி ஊதா நிறம் கசிந்தது. அறுபத்தைந்தில் ஊதா இல்லை; விளிம்பு வெட்டியது போல நின்றது. ஓரத்தில் ஒரு சில்லு பெயர்ந்திருந்ததைக்கூடப் பார்த்தேன்.

"அந்தக் கடைசியில இருக்குறது?" என்று உசத்தியான ஒன்றைக் காட்டினேன்.

"அதுல பார்க்காதீங்க மேடம். பார்த்தீங்கன்னா அப்புறம் இதுல பார்க்க மனசு வராது."

எண்பதை மாட்டச் சொல்லி, நானே திருகி அறுபது மடங்குக்குக் கொண்டுபோனேன். படம் இருண்டது. கம்பம் தண்ணீருக்குள் நிற்பது போல நெளிந்தது.

"இது சரியில்லைங்க. ஆடுது."

"அது வெயிலு மேடம். தார் ரோட்டுலேர்ந்து சூடு கெளம்புது இல்ல, அதையும் சேர்த்துத்தான் பெருசாக்கிக் காட்டுது. நம்ம ஊருல காலங்காத்தால பார்த்தா உண்டு. அப்புறம் முப்பதுக்கு மேல போனா கானல்தான்."

"அப்ப அறுபதுன்னு எதுக்குப் போட்டிருக்கான்?"

"ஸ்கூட்டி மீட்டர்லகூட நூத்தி இருபதுன்னு போட்டிருக்கான். அந்த வேகத்துல போறீங்களா?"

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். இத்தனை நாள் அந்த அறுபதை நம்பித்தான் இருந்தேன். முப்பதுதான் என்றால் பறவை பாதி தூரத்துக்குள் இருக்க வேண்டும். மீதித் தூரத்தை யார் நடப்பது?

"பெருசையே எடுத்துக்கலாம்" என்றேன்.

"எதுக்கும்மா? ரெண்டுலயும் அதே முப்பதுதான். இது கனம்."

"கனமா இருந்தா தூக்கிக்கிட்டு எறங்க மாட்ட இல்ல."

கடைக்காரர் எதையோ எடுப்பது போல உள்ளே போனார். மகள் என்னையே பார்த்தாள்.

"கனமா இருந்தா அதை வூட்டுலயே வெச்சிட்டுப் போவேன்மா. பைனாகுலரை மட்டும் எடுத்துக்கிட்டு. அப்புறம் எறங்கித்தான் ஆகணும்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. ஆய்வு வழிகாட்டியிடம் விளக்குவது போலச் சொன்னாள். எண்பதைக் கழற்றச் சொன்னேன்.

சின்னதிலும் இரண்டு விதம் இருந்தது: நேராகப் பார்ப்பது ஒன்று, கண் வைக்கும் பகுதி மேல்நோக்கிச் சாய்ந்தது இன்னொன்று. சாய்ந்ததில் குனிந்து பார்க்க வேண்டும். முன்னால் என்ன வருகிறது என்று எப்படித் தெரியும் என்று அதற்கும் பயந்தேன். அவள் சாய்ந்ததைத்தான் எடுத்தாள். "நேரா இருந்தா என் ஒசரத்துக்கு வெச்சா உனக்கு எட்டாது. இதுன்னா ரெண்டு பேரும் மாத்தி மாத்திப் பார்க்கலாம்" என்றாள். என்னையும் கரையில் நிறுத்தி யோசித்திருக்கிறாள். கடைக்காரரிடம் அதையே கட்டித் தரச் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை கம்மாபுரம் பக்கத்து ஏரிக்குப் போனோம். வெயில் ஏறும் முன்பே முக்காலியைக் கரையில் ஊன்றிவிட்டாள். கொஞ்ச நேரத்திலேயே, "இருக்குது! மஞ்சள் வளையம் இருக்குதும்மா, வந்து பாரு" என்று கத்தினாள். பார்த்தேன். மோதிரம் போல ஒரு மஞ்சள் வளையம், அதற்குள் ஒரு கறுப்புக் கண். அந்தப் பறவை ஓடியது வெளுத்து வெடித்த மண்ணின் மேல். நான் கண்ணை எடுத்துவிட்டேன்.

எதிர்ப்பக்கத்தில் ஒரு கூட்டம் இருந்தது. இங்கிருந்து பார்த்தால் கோரை மறைக்கிறது, கரையோடு சுற்றிப் போய்ப் பைனாகுலரில் எண்ணிவிட்டு வருகிறேன் என்றாள். "நீ இதுல என்னையே பார்த்துக்கிட்டு இரு" என்று ஸ்கோப்பைத் திருப்பி வைத்துவிட்டுப் போனாள்.

அவளுடைய தோடு தெரிந்தது. கழுத்தில் ஒட்டிய முடி தெரிந்தது. உதடு அசைந்தது; ஏதோ பாடிக்கொண்டு போகிறாள். எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. அப்போது அவள் நின்று, கீழே குனிந்தாள். "பார்த்துடி" என்றேன், பக்கத்தில் நிற்பவளிடம் சொல்வது போல மெல்ல. அவ்வளவு கிட்டத்தில் இருந்தாள். அவள் திரும்பவில்லை. அவளுக்கு எப்படிக் கேட்கும்? ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கிறாள். அந்த நினைப்பு வந்ததும் முக்காலியை இடித்துவிட்டேன். வட்டத்திலிருந்து அவள் போய்விட்டாள். ஸ்கோப்பை இப்படியும் அப்படியும் திருப்பினேன். தண்ணீர், கோரை, மறுபடி தண்ணீர். எங்கேயும் அவள் இல்லை.

கண்ணை எடுத்துப் பார்த்தேன். எதிர்க்கரையில் விரல் அளவுக்கு நடந்துகொண்டிருந்தாள். ஷூ நாடாவைக் கட்டியிருக்கிறாள், அவ்வளவுதான். மீதி நேரம் முழுவதும் வெறும் கண்ணாலேயே பார்த்தேன்.

திரும்பி வந்து ஸ்கோப்பைக் கழற்றிப் பையில் வைத்துத் தோளில் மாட்டிப் பார்த்தாள். "தூக்க முடியுதும்மா. அடுத்த வாரம் பஸ்ஸுலயே போயிட்டு வரேன். நீ லீவு போட வேணாம்."

"கரையிலதானே நிப்ப?"

"கரையிலதான்."

"கூட யாராவது?"

"என் கூடப் படிக்கிறவ ஒருத்தி வரா."

பைக்குள் முக்காலி சரியாகப் போகிறதா என்று பார்த்துக்கொண்டே, "போயிட்டு வா" என்றேன். அதைச் சொல்ல எவ்வளவு நேரம் எடுத்தேன் என்று அவளுக்குத்தான் தெரியும்.

இன்று காலை போயிருக்கிறாள். இரண்டு தடவை போன் செய்தேன், எடுக்கவில்லை. சற்று முன் ஒரு படம் அனுப்பினாள், ஸ்கோப்பின் மேல் போனை வைத்து எடுத்தது. ஈர மண்ணில் ஏதோ ஒரு பறவை, நீண்ட மூக்கு. அது என்ன என்று நான் பார்க்கவில்லை. விரலால் பெரிதாக்கி, படத்தின் ஓரங்களைச் சுற்றி வந்தேன். கீழ் ஓரத்தில் பச்சையாக ஏதோ மங்கித் தெரிகிறது. கிட்டத்தில் இருக்கிற புல்லாக இருந்தால்தான் அப்படி மங்கும். சேற்றில் புல் இல்லை. புல் கரையில்தான் இருக்கிறது. அப்படியென்றால் அவள் கரையில் நிற்கிறாள், இந்தப் படத்தை எடுத்த வரைக்கும்.

அடுத்த படம் இன்னும் வரவில்லை.