ஜவ்வு மிட்டாய் மாப்பிள்ளை

என் தங்கையைப் பெண் பார்க்க வந்த முள்ளிப்பட்டு மாப்பிள்ளையிடம், "பொண்ணு புடிச்சிருக்குதா?" என்று கேட்டோம். "அம்மாவக் கேட்டுச் சொல்றேன்" என்றார். காபிக்குச் சர்க்கரை போதுமா என்று கேட்டதற்கும் அதே பதில். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த அவர் அம்மா, "போதும்" என்றார். எனக்கு வாய் அரித்தது. தங்கைக்கோ அவரைப் பிடித்துப்போய்விட்டது. என்ன ரசனையோ!

எங்கள் வீடுகளில் கல்யாண நலங்கு அன்று பாய் விரித்து, இரண்டு வீட்டுப் பெண்களும் எதிரெதிரே உட்கார்ந்து கேலிப்பாட்டு பாடுவோம். ஒரு வீடு பாடினால் மறுவீடு திருப்பிப் பாடியாக வேண்டும். பாய்மேல் எதைப் பாடினாலும் யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. எங்கள் பக்கத்து முதல் பாட்டு என்னுடையது. கைப்பேசியில் டிங்கு டிங்கென்று தாளம் போட்டு, சின்னப்பிள்ளைக் குரலில் பாடிப் பதிவு செய்தேன்:

"ஜவ்வு ஜவ்வு ஜவ்வு மிட்டாய் மாப்ள,
அம்மா கைய உடமாட்டாரு மாப்ள,
தாலி கட்ட நேரமாச்சு மாப்ள,
அம்மாவக் கேட்டு வந்துடுங்க மாப்ள!"

ஒத்திகைக்காக எங்கள் பெண்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். செய்யாரில் கம்பெனி வேலைக்குப் போகும் சித்தி மகள் அதற்கு ஆடி, 'எங்க முள்ளிப்பட்டு மாப்ள' என்று எழுதி ரீல்ஸ் விட்டாள். அவ்வளவுதான், கம்பெனி பஸ்ஸெல்லாம் அதே பாட்டு. "அம்மா மேல பாசம் வெச்சா தப்பா?" என்று ஒரு கூட்டம், "என் புருஷனுக்கும் இதே பாட்டுதான்" என்று ஒரு கூட்டம், கமெண்டில் அடித்துக்கொண்டது. பட்டு நூல் வாங்க ஆரணிக்கு வந்த மாப்பிள்ளையிடம் கடைக்காரரே, "அம்மாவக் கேட்டுகினு வந்தீங்களா?" என்றாராம்.

மறுநாள் மாப்பிள்ளையின் தாய்மாமன் போன் செய்து, "கல்யாணமே வேணாம்" என்றார். தங்கை அழுது தீர்த்தாள். அப்பாவும் நானும் பழத்தட்டோடு முள்ளிப்பட்டுக்கு ஓடினோம்.

தாய்மாமன் எகிறிக் குதித்தார். மாப்பிள்ளையின் அம்மா அவரைக் கையமர்த்தினார். "பாட்டுக்கு எனக்குக் கோவமில்லமா. பாய் விரிக்கறதுக்கு முன்னாடியே ஊரெல்லாம் பாடிட்டா, நான் எங்க ஒக்காந்து திருப்பிப் பாடறது? இது நாயமா?"

நான் பழத்தட்டை அவர் முன்னால் வைத்தேன். அதற்குள் தாய்மாமன், தறியில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை பக்கம் திரும்பி, "நீ சொல்றா. கல்யாணம் வேணுமா வேணாமா?" என்றார்.

மாப்பிள்ளை எழுந்து வந்தார். "அம்மாவ..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். வீடே அவர் வாயைப் பார்த்தது. நான் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

"வேணும்" என்றார். "யாரையும் கேக்கல. எனக்கு வேணும்."

அந்த அம்மாவின் முகம் ஒரு நொடி வாடியது. பாவமாக இருந்தது. பிறகு உள்ளே போய்ப் பாயை எடுத்து வந்து நடுவீட்டில் விரித்தார். "ஒக்காரு. இப்ப என் மூஞ்சப் பாத்துப் பாடு."

பாடினேன். அதே மெட்டில் கை தட்டித் திருப்பினார்:

"கேட்டுக் கேட்டு வளந்த புள்ளதாண்டி,
இன்னிக்கித்தான் கேக்காம வுட்டாண்டி,
நாளைக்கி உன் தங்கச்சியக் கேப்பாண்டி,
அதுக்கும் ஒரு பாட்டு கட்டிப் பாடேண்டி!"

தாய்மாமனே கை தட்டிவிட்டார். கல்யாணம் நடந்தது.

போன வாரம் தேவிகாபுரம் கோயிலுக்குப் போக மாப்பிள்ளையிடம் வண்டி கேட்டேன். "உங்க தங்கச்சியக் கேட்டுச் சொல்றேங்க்கா" என்றார். அடுத்த நிமிஷமே அவர் அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"இரு, பாய எடுத்துகினு வரேன்" என்றார்.