மூன்று எண்ணுவதற்குள்

அக்கா படித்து உயிரியல் டீச்சரானதற்கு எங்கள் குடும்பத்தில் நான்கு பேர் உரிமை கொண்டாடுகிறோம். அவள் தலையில் அப்படித்தான் எழுதியிருந்தது என்பாள் அத்தை. தன் தப்பு மேளத்தால்தான் எல்லாம் நடந்தது என்று மாமா மீசையைத் தடவிக்கொள்வார். "நான் அன்னைக்குக் காலையிலயே மனசுல முடிவு பண்ணிட்டேன்" என்பார் அப்பா. பண்ணியவர் வாயைத் திறந்து சொல்லியிருந்தால் எனக்கு ஒரு வேலை மிச்சம். நான்காவது ஆள் நான். என் வலது உள்ளங்கையில் தேயிலைக் கொட்டை அளவுக்கு ஒரு தழும்பு இருக்கிறது. அவர்கள் பேசும்போது அதைப் பார்த்துக்கொண்டு இருந்துவிடுவேன்.

எனக்கு அப்போது பத்து வயது. ஸ்பிரிங்வெளிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளான லயத்தின் கடைசிக் காம்பரா எங்களுடையது. அக்கா சாதாரண தரப் பரீட்சையை நன்றாகச் செய்து, பதுளை டவுன் பள்ளிக்கூடம் ஒன்றில் உயர்தர வகுப்பு விஞ்ஞானப் பிரிவுக்கு இடமும் கிடைத்திருந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் அத்தை கொழும்பிலிருந்து திருவிழாவுக்கு வந்தாள். அங்கே துணி தைக்கும் ஒரு கார்மெண்டில் அக்காவுக்கு வேலை பார்த்து வைத்திருந்தாள். திருவிழா முடிந்த மறுநாள் அக்காவைக் கூட்டிப்போவதாகப் பேச்சு. அப்பா தங்கைக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். கொடுத்த வாக்கை மாற்றாதவர் என்பதில் அவருக்கு அப்படி ஒரு பெருமை. அம்மா அவரிடம் நாலு வார்த்தை சொல்லிப் பார்த்துவிட்டுக் கொழுந்து பறிக்கப் போய்விட்டாள். அக்கா இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை.

எங்கள் லயத்தில் பெண்கள் பேச்சுக்கு அவ்வளவுதான் மரியாதை. ஆனால் சாமி வந்த பெண்ணின் பேச்சுக்கு மறுபேச்சே கிடையாது. முந்தின வருஷத் திருவிழாவில் எதிர் லயத்துச் சித்திக்கு ஆத்தா வந்தது. ஒழுகுகிற கூரைத் தகரத்தை மாற்றச் சொல்லி மூன்று வருஷமாகப் புருஷனிடம் கெஞ்சியவள், ஆத்தா வந்ததும் ஒரே ஒரு அதட்டுதான் போட்டாள். மறுநாள் காலையில் மனுஷன் கூரைமேல் இருந்தான். கேட்டதைத் தருவதாகச் சத்தியம் செய்யும்வரை சாமி மலையேறாது, அதாவது அந்த உடம்பை விட்டுப் போகாது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை.

சரி, எனக்கும் வரட்டுமே என்று தீர்மானித்தேன். அக்காவிடம்கூடச் சொல்லவில்லை. தண்ணீர் பிடிக்கும் பீலிக்குப் பின்னால் நின்று மூன்று நாள் ஆடிப் பழகினேன். பார்த்தது எங்கள் நாய் ஒன்றுதான். அதுவும் பயந்து ஓடிவிட்டது.

திருவிழா அன்று காலை பத்து மணிவாக்கில் கரகம் ஆற்றிலிருந்து கோயில் வாசலுக்கு வந்தது. மாமாதான் முன்னால் நின்று தப்பு அடித்தார். மூன்று எண்ணிவிட்டு ஆட ஆரம்பிப்பது என்பது என் திட்டம். ஒன்று எண்ணினேன். இரண்டு சொல்வதற்குள் கால் தானாக ஆடத் தொடங்கிவிட்டது! ஐயோ, நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே என்று எனக்கே திக்கென்றது. மாமா என்னைப் பார்த்துவிட்டு அடியை வேகமாக்கினார். "ஆத்தா வந்துட்டாடோய்!" என்று யாரோ கத்த, தலையில் மஞ்சள் தண்ணீர் வந்து விழுந்தது.

"என்ன வேணும் தாயி?" என்று பூசாரி கேட்டார்.

"மூத்தவள பதுளைக்கு அனுப்புடா! படிக்க அனுப்புடா!" என்று அப்பாவைப் பார்த்து அலறினேன். அப்பாவை 'டா' போட்டது அன்று ஒருநாள்தான். அவரோ கைகூப்பி நின்றார்.

அத்தைதான் மசியவில்லை. "ஆத்தாவுக்கு எப்பருந்து பள்ளிக்கூடத்து ஞாபகம் வந்துச்சு? கையில கற்பூரத்த ஏத்துங்க, பாப்போம். ஆத்தான்னா சுடாது."

இதை நான் பழகவில்லை. பூசாரி தயங்கினார். பிறகு ஒரே ஒரு கட்டியைக் கொளுத்தி என் உள்ளங்கையில் வைத்தார்.

சுட்டது. நன்றாகவே சுட்டது. அப்படியானால் வந்தது ஆத்தா இல்லை என்று அந்தக் கூட்டத்தில் எனக்கு மட்டும் தெரிந்துபோனது. உதறு, உதறு என்று உடம்பு கிடந்து துடித்தது. உதறினால் நாளைக்கு அக்கா கொழும்பு பஸ்ஸில். அவள் வாயைப் பொத்திக்கொண்டு என்னையே பார்த்தபடி நின்றாள். என் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. அதை ஆத்தாவின் கண்ணீர் என்று எடுத்துக்கொண்டு எல்லாரும் குலவை போட்டார்கள். கற்பூரம் எரிந்து அடங்கியது. நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.

"அனுப்புறேன் ஆத்தா! சத்தியமா அனுப்புறேன், மலையேறு தாயி!" என்று அப்பா மண்ணில் விழுந்தார். அடுத்து அத்தை விழுந்தாள், அதுவும் என் காலில்! பத்து வயதில் அத்தையைக் காலில் விழவைத்தவள் எங்கள் தோட்டத்தில் நான் ஒருத்திதான். அன்று வந்த சந்தோஷம் பிறகு என் கல்யாணத்தில்கூட வரவில்லை.

"லூசாடி நீ?" என்று அக்கா சிரித்துக்கொண்டும் அழுதுகொண்டும் என் கொப்புளத்தைத் தண்ணீரில் பிடித்தாள். அடுத்த திங்கட்கிழமை வெள்ளைச் சீருடையில் அவள் ஆறு மணி பஸ் ஏறியபோது லயமே வாசலுக்கு வந்து நின்றது. நான் கட்டுப்போட்ட கையைத் தூக்கித் தூக்கி ஆட்டினேன்.

போன தீபாவளிக்குப் பண்டாரவளையில் அக்கா வீட்டில் எல்லாரும் கூடியபோது அதே சண்டை திரும்ப வந்தது. தலையெழுத்து என்றாள் அத்தை, தன் தப்பு மேளம் என்றார் மாமா. எனக்கும் உள்ளுக்குள் ஒரு சந்தேகம் உண்டு. மூன்று எண்ணுவதற்குள் கால் தானாக ஆடியதே, அப்படியென்றால் நான் செய்தது என்று அதில் என்ன இருக்கிறது? அடுப்படியில் வைத்து அக்காவிடம் கேட்டேன்.

"கால் ஆடுனது மாமாவோட தப்புச் சத்தத்துக்கா இருக்கலாம், அத விடு" என்றாள் அவள். "சுட்டா கைய இழுக்குறதுக்கு யாரும் முடிவு பண்ண வேண்டியதில்லடி. மூளைக்குச் சேதி போய்ச் சேருமுன்னமே கை தானா வந்துரும். வருஷா வருஷம் இதத்தான் பிள்ளைங்களுக்குப் படிச்சுக் குடுக்குறேன். நீ இழுக்காம வச்சிருந்த பாரு, அதுதான்டி நீ."

பத்து வயதில் எனக்கு இது தெரியாது. ஆத்தா என்மேல் வராவிட்டாலும், அடியில் நின்று என் கையைத் தாங்கிப் பிடித்தது அவள்தான் என்று நம்பினேன். அந்த வருஷம் முழுக்க வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போய் அதற்கு நன்றி சொல்லிவிட்டு வந்தேன். ஆத்தாவும் ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டாள்.